பழம் பழுக்கட்டும் என்றீர்கள்

அண்ணை,

1. நாங்கள் இருவரும் ஒரு மாரிகாலம் முழுதும் தங்கியிருந்த கடற்கரை வீடும் அதன் சட்டங்களும்.
2. நெருப்பில்லாமல் சமைக்கலாம் என்று நீங்கள் சொன்னது. அதற்குத் தேவையானவை.
3. நான் ஊருக்குத் திரும்பிப் போவதென்று முடிவெடுத்ததும், போகாமல் விட்டதும்.
4. அந்த அறையில் அடைபட்டுக் கிடந்தவன் நான் ஒருவன்தான் என்பது. நீங்கள் எந்த இடத்திலும் அடைபடாத மனிதர்.
5. மிஞ்சியதைக் கறுக்கவிடாமல் வைக்கும் முறை (நேரம் இருந்தால் மட்டும்).

இவை உங்கள் இறுதித் திருப்பலி அன்று என் கோட்டுப் பைக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தவை. டோஸ்ட்ருப்பில், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் மருமகன் எழுந்து, "ஆரும் ரெண்டு வார்த்தை கதைக்கிறதெண்டால் கதைக்கலாம்" என்றார். நான் தாளைத் தொட்டுப் பார்த்தேன். எழும்பவில்லை. என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள், பேசவும் செய்தார்கள். ஒருவர் உங்கள் கப்பல் கதைகளைச் சொன்னார். அவற்றில் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்பதுதான் இன்றுவரை தெரியாது. தாளில் இருந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் மேலே எடுத்தெழுதியிருக்கிறேன். பேசாமல் விட்டதை எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒழுங்காக வருமோ என்று நிச்சயமில்லை.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் டப்பா. வெள்ளிக்கிழமைகளில் என் மகள் வேலை முடிந்து விபோர்க்கில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். இந்த முறை கடையிலிருந்து, அவகாடோப் பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலே வாங்கி வந்திருந்தாள். மேலே ஒட்டியிருந்த தாளை உரித்ததும் ஒரு மணம் வந்தது. வெங்காயம் இருந்தது, புளிப்பு இருந்தது. மல்லியிலை இல்லை.

"அப்பா, இது இப்ப கடையிலையே செய்து வருது. நீங்கள் ஏன் கல்லிலை இடிச்சு மினக்கெடுறியள்?"

"திறந்து வைச்சால் கறுக்காதோ?"

"கறுக்காது. அதுக்கு ஏதோ போடுறாங்கள்."

"கறுக்காத சாமானை எப்படியம்மா நம்பிறது?"

"அப்பா, இது பழம். கலியாணப் பேச்சில்லை."

அவள் போன பிறகு அந்தப் பச்சையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலும் அது அதே பச்சையாகவே இருந்தது. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

முதலாவது விடயம், அந்த வீடு. டென்மார்க்கில் யூலண்டின் வடகரையில், கோடையில் ஜெர்மன்காரர் வந்து தங்கிக் குளித்துவிட்டுப் போகும் விடுதி அது. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஆட்கள் அகதிகளாகக் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கியபோது, மாரியில் வெறுமையாகக் கிடந்த அதன் அறைகளை எங்களுக்குக் கொடுத்தார்கள். உங்களுக்கும் எனக்கும் மாடியில் ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, கடலைப் பார்த்த இரட்டைக் கண்ணாடி யன்னல் ஒன்று. நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன் என்பதால், வந்த முதற்கிழமையே அந்த அறையின் படத்தை அளவுப்படி ஒரு தாளில் வரைந்து முடித்துவிட்டேன். சூடாக்கும் குழாய்கள், கதவு திறக்கும் திசை எல்லாம் போட்டு. அதற்குப் பிறகு அங்கே வரைய ஒன்றும் மிஞ்சவில்லை.

கதவுக்குப் பூட்டு இல்லை. யாரும் எங்களை மறிக்கவில்லை. வீட்டுக்குப் பொறுப்பாயிருந்த பெண்மணி நல்லவர், எங்கள் பெயர்களைச் சொல்லப் பழகிக்கொண்டவர். இருந்தும் அதைவிட இறுக்கமாக ஒரு மனிதனைப் பூட்டி வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. எங்களுக்கு இருக்க இடம் தருவார்களா என்ற பதில் நாளைக்கும் வரலாம், இரண்டு வருடத்திலும் வரலாம். வெளியே போனால் பனி, காற்று, மூடிக்கிடக்கும் ஐஸ்கிரீம் கடை. நான் வெளியே போவதை நிறுத்தினேன். பிறகு கீழே சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவதையும் குறைத்தேன். அவித்த உருளைக்கிழங்கும் மண்ணிறக் குழம்பும் பன்றியும் குறித்த நேரத்தில் வரும், குறித்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போவார்கள். பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் யன்னல் கறுத்துவிடும். அந்தக் கறுப்பில் என் முகம் தெரியும். படுத்துக்கொள்வேன்.

அறைகளில் சமைக்கக்கூடாது என்பது சட்டம். அது எப்படி இன்னும் கடுமையானது என்று உங்களுக்கு நினைவிருக்கும். கீழ்த்தட்டில் இருந்த ஒருவர் துணி தேய்க்கும் மின்சார அழுத்தியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வெங்காயம் பொரித்தார். தீ எச்சரிக்கை மணி அலறியது. நாங்கள் எல்லோரும் சாரத்தோடு பனிக்குள் நின்றோம். தீயணைப்புக்காரர் உள்ளே போய், ஒரு பிடி பொரித்த வெங்காயத்தைத் தட்டோடு வெளியே கொண்டுவந்தார். நீங்கள் என் காதுக்குள், "பிரேதம் எடுக்கிற மாதிரி எடுக்கிறான் பாரும்" என்றீர்கள். அடுத்த நாள் அந்தப் பெண்மணி எங்களைக் கூட்டி வைத்து, இன்னொரு முறை நெருப்பு மூட்டினால் அந்த அறைக்காரரை வேறிடத்துக்கு மாற்றவேண்டி வரும் என்று மன வருத்தத்தோடு சொன்னார். வேறிடம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் மன்னார்க்காரர். கப்பல்களில் சாப்பாடு பரிமாறும் வேலை செய்தவர். காலையும் மாலையும் கடற்கரைக்குப் போவீர்கள். மூக்குச் சிவந்து வருவீர்கள். "இது கடலே, தம்பி? எங்கடை கடல் உப்பிலை பாதியும் இதிலை இல்லை. கஞ்சித்தண்ணி" என்று சப்பாத்தைக் கழற்றுவீர்கள். கீழே குசினியில் சமைத்த பெண்களோடு மூன்று மொழிகளைக் கலந்து பகிடி விடுவீர்கள். உங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரே அறையில் இருந்தும், அந்த அறை உங்களைத் தொடவில்லை என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சொன்னேன்.

"அண்ணை, நான் திங்கக்கிழமை ஒஃபீசிலை போய்ச் சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி."

நீங்கள் கட்டிலில் இருந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். கை நின்றது. "கொழும்பிலை இறங்கினவுடனை பிடிப்பாங்கள்."

"பிடிக்கட்டும். அங்கை பிடிச்சால் ஏன் பிடிச்சவங்கள் எண்டாவது தெரியும்."

"உம்மடை மனிசி?"

"அவ வரவேண்டாம் எண்டுதான் சொல்லுவா. அவவுக்குச் சொல்லமாட்டன்."

வழக்கமாக உங்களுக்குச் சொல் முட்டாது. அன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நகத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தீர்கள். யோசிக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"நீர் கடைசியாய் ருசிச்சு என்னத்தைத் திண்டனீர்?"

எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லை.

"நான் சொல்லட்டே? மெக்சிக்கோவிலை வேராக்குரூஸ் எண்டு ஒரு துறைமுகம். சாமான் இறக்குற கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு மனிசி மூண்டு கால் கல்லுரலோடை இருப்பா. குவாக்கமோலே. நெருப்பு வேண்டாம் தம்பி. அடுப்பு வேண்டாம், புகை வேண்டாம், மணி அடிக்காது. இடிச்சு, மசிச்சு, தின்னுறதுதான். சட்டத்துக்கு மாறே இல்லை. அதை ஒருக்காத் திண்டுட்டுப் போம்."

"உங்களுக்குச் செய்யத் தெரியுமே?"

"திண்டிருக்கிறன் எண்டு சொன்னனே. காணாதே?"

மறுநாள் காலை ஊர்க் கடைக்கு நடந்து போய் ஒரு பை அவகாடோ கொண்டுவந்தீர்கள். அந்தக் காலத்தில் டேனிஷ்காரர் அதைப் பாதியாக வெட்டி, நடுக்குழியில் இறால் நிரப்பி விருந்தாளிக்கு வைப்பார்கள். அதனால் அந்தச் சிறிய ஊரிலும் கிடைத்தது. எல்லாம் கருங்கல்லாக இருந்தன. கதவில் தட்டினால் கதவுதான் நோகும். நீங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் பேனாக்கத்தியால் ஒன்றை வெட்டப்போய்க் கத்தி நடுவில் சிக்கியது.

"பழம் பழுக்கட்டும்" என்றீர்கள். "காயாய்க் கிடக்கேக்கை விட்டிட்டுப் போறது பாவம், தம்பி. பழுத்தாப்போலை போம்."

அந்தத் திங்கள் நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஒரு பையளவு பழத்துக்காக மனிதன் தன் முடிவைத் தள்ளிப்போடுவானா என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தள்ளிப்போட்டேன். அதோடு, உங்களுக்கு இந்த வேலையில் எந்த ஒழுங்கும் இல்லை என்பதும் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் பழங்களைச் சூட்டுக்குழாயின் மேலேயே வைக்கப் பார்த்தீர்கள். ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் காயாகவே இருக்கும் என்று சொல்லி, நான் அவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, நடுவில் ஓர் அப்பிளை வைத்து, குழாய்க்கு மேலிருந்த பலகையில் அடுக்கினேன். அப்பிள் கூட இருந்தால் மற்றப் பழங்கள் விரைவாகப் பழுக்கும். காலையில் எழுந்ததும் காம்புக்குப் பக்கத்தில் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். காம்புக் குமிழைத் தட்டினால் கழன்று, அடியில் பச்சையாக இருந்தால் வெட்டலாம். மண்ணிறமாக இருந்தால் பிந்திவிட்டோம். கழலவே மாட்டேன் என்றால் காத்திருக்கவேண்டும். அது கழலவே மாட்டேன் என்றது.

"சும்மா இருக்கிற நேரம் உரலுக்கு வழி பாப்பம்" என்றீர்கள். "கடற்கரையிலை கல்லுக் கிடக்கு. ஆனா எனக்குக் கண்ணளவு இல்லை. நீர்தானே அளவு பிடிச்ச மனிசன். நீர் வந்து பாரும்."

"எனக்கு வெளிக்கிட ஏலாது, அண்ணை."

"அப்ப பிளாஸ்டிக் கோப்பைக்கை இடிப்பம். சம்பல் மாதிரி இராது, சளி மாதிரி இருக்கும்."

நான் கோட்டைப் போட்டேன். எத்தனை கிழமைக்குப் பிறகு என்று தெரியாது. முகத்தில் காற்று அறைந்தது. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி நடந்தேன். அந்தக் கரை முழுதும் கல். பனித் தகடு மூடிய கற்களை நீங்கள் சப்பாத்தால் தட்டித் தட்டி, "இது? இது?" என்று கேட்க, நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் நடுவில் பள்ளம் விழுந்த தட்டைக் கல் ஒன்றும் அந்தப் பள்ளத்துக்குள் சரியாக உருளும் முட்டைக்கல் ஒன்றும் அகப்பட்டன. தட்டைக் கல்லை நீங்கள் பிள்ளையைத் தூக்குவதுபோல கோட்டுக்குள் வைத்துத் தூக்கி வந்தீர்கள். அறைக்கு வந்த பிறகு எனக்கு அழுகை வந்தது. வெளியே இருந்த வெளிச்சம் உள்ளே இல்லை என்று அப்போதுதான் பட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். குளிக்கும் அறையில் நீங்கள் கல்லைத் தேய்த்துக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு சனிக்கிழமை பழம் பழுத்தது. நீங்கள் எலுமிச்சை ஒன்று கேட்டு வாங்கக் குசினிக்குப் போனீர்கள். ஊர்த் தேசிக்காய் எங்கே கிடைத்தது, மஞ்சள் நிறத்தில் பெரிய பழந்தான். நான் பழங்களைப் பிளந்து, கொட்டையை எடுத்து, சதையைக் கரண்டியால் வழித்துக் கோப்பையில் போட்டேன். மேசையில் கோப்பிக்குக் கொடுத்த சீனிப் பொட்டலங்கள் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் மலைநாட்டிலிருந்து வரும் இதே பழத்தை, பட்டர்புருட்டை, எப்படித் தின்போம்? என் கை யோசிக்கவில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது நான் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டி மசித்துக்கொண்டிருந்தேன்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தீர்கள்.

"சீனியோ?"

நான் வெறும் பொட்டலங்களை மேசை ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"உமக்கு விசரே? இதை நான் எந்த மெக்சிக்கோக்காரிக்குக் காட்டுவன்?"

"எங்கடை வீட்டிலை இப்பிடித்தான், அண்ணை."

"எங்கடை வீட்டிலையும் இப்பிடித்தான். அதுக்கு?"

இருவரும் எதிரெதிரே கட்டில்களில் இருந்து அதைக் கரண்டியால் தின்றோம். முதலில் நீங்கள் முகத்தைச் சுழித்தபடி தின்றீர்கள், பிறகு கோப்பையை வழித்தீர்கள். பல மாதங்களுக்குப் பிறகு என் நாக்கில் ஏதோ ஒன்று ருசித்தது. அதை உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. பதிலாக, "அப்ப திங்கக்கிழமை ஒஃபீசுக்குப் போறன்" என்றேன்.

"போகேலாது. இது கணக்கிலை வராது. நான் சொன்ன சாமான் இது இல்லை."

திரும்பவும் ஒரு பை கல் போன்ற காய். திரும்பவும் செய்தித்தாள், அப்பிள். அத்தோடு நீங்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டீர்கள். மல்லியிலை இல்லாமல் செய்தால் அது குவாக்கமோலே இல்லையாம். அந்த ஊரில் மல்லியிலையை யாரும் கண்டதில்லை. கடையில் போத்தலில் அடைத்த மல்லி விதை மட்டும் இருந்தது. நீங்கள் அதை வாங்கி வந்து மேசையில் வைத்தீர்கள்.

"முளைக்க வைப்பம்."

"அண்ணை, இது முளைக்கிறதுக்கு மாதமாகும்."

"ஆகட்டுமே. ஆர் எங்களைத் தேடுகினம்?"

விதைகளை உருட்டி இரண்டாகப் பிளந்து, ஊறவைத்து, பால் பெட்டியை வெட்டி அதில் விடுதித் தோட்டத்து மண்ணை நிரப்பி விதைத்தேன். அந்த மண்ணைக் கரண்டியால் கெல்லி எடுக்க நீங்கள் பட்ட பாடு, உறைந்திருந்த நிலத்தை நீங்கள் திட்டிய திட்டு. யன்னலடியில் பெட்டியை வைத்தோம். நாட்கள் போயின. மண் மண்ணாகவே இருந்தது. நான் காலையில் கண் விழித்ததும் முதலில் அதைப் பார்க்கத் தொடங்கினேன். நீங்களும் பார்த்தீர்கள். சில நாட்களில் நான் எழும்புவதற்கு முன்பே எழுந்து, இருட்டில் அதன் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். திங்கட்கிழமைகள் வந்து போயின. ஒவ்வொரு திங்களும் நான் சப்பாத்தைப் போடுவேன். நீங்கள் பால் பெட்டியைக் காட்டுவீர்கள். நான் சப்பாத்தைக் கழற்றுவேன். என்னை வெறும் பொடியனைப்போல நடத்துகிறீர்கள் என்று ஒரு நாள் கோபித்தேன். "எந்தத் திங்கள் எண்டு நீர் சொல்லேல்லையே" என்றீர்கள்.

முளைத்தது. வெளிச்சம் போதாமல் நூல்போல நீண்டு, கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கிள்ளி முகர்ந்தபோது அறை முழுதும் யாரோ ரசம் வைப்பதுபோல இருந்தது. அதற்குத் தோதாக இரண்டாம் பைப் பழமும் பழுத்தது.

அன்றைக்குச் செய்த முறையைத்தான் இன்றைக்கும் செய்கிறேன். சம்பலுக்கு இடிப்பதுபோல முதலில் கல்லில் வெங்காயம், மிளகாய், உப்பு, கொஞ்ச மல்லியிலை. அது சாறு விட்டுக் களியாகும்வரை இடிக்கவேண்டும். பச்சைமிளகாய் அங்கே இல்லை, என் மனைவி பெட்டிக்குள் வைத்துவிட்ட செத்தல்மிளகாயைத்தான் ஊறவைத்துப் போட்டோம். பிறகு பழத்தைப் போட்டுக் கட்டியும் களியுமாக மசிக்கவேண்டும். மாவாக அரைத்தால் கெட்டது. கடைசியில் பொடியாக வெட்டிய தக்காளி, மிச்ச வெங்காயம், மிச்ச இலை. வேராக்குரூஸ்காரி புளி விட்டாளா இல்லையா என்பதில் உங்களுக்கே ஐமிச்சம். முதல் நாள் விட்டாள் என்றீர்கள், மறுநாள் இல்லை என்றீர்கள். நாங்கள் ஒரு சொட்டு விட்டோம்.

இடிக்கும் சத்தத்துக்குக் கதவு தட்டப்பட்டது. என் உயிர் போய் வந்தது. பொறுப்பான பெண்மணி எட்டிப் பார்த்தார். நெருப்பு இல்லை, புகை இல்லை, மேசையில் கல்லும் பச்சையும். நீங்கள் எழுந்து நின்று, மொறுமொறுப்பான ரை தானியத் தட்டை ரொட்டி ஒன்றில் அள்ளி வைத்து நீட்டினீர்கள். அவர் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கி, மூச்சை இழுத்து, இது எந்த ஊர்ச் சாப்பாடு என்று இங்கிலீசில் கேட்டார்.

"மெக்சிக்கோ" என்றீர்கள் பெருமையோடு.

"நீங்கள் இலங்கை என்றல்லவா எங்களிடம் பதிவு இருக்கிறது?"

உங்கள் முகத்தில் இரத்தம் வற்றியதை அன்றுதான் ஒரே ஒரு தடவை கண்டேன். பிறகு அவர் சிரித்தார். நாங்கள் சிரித்தோம். அவர் போன பிறகும் நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள், நிறுத்த முடியாமல். போகும்போது அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்து, "அப்படியானால் இருக்கிறீர்கள்" என்று சொன்னதாக ஞாபகம். ஏதோ ஆங்கிலத் தவறு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் திங்கட்கிழமை பற்றிப் பேசவில்லை. அறை பெரிதாகிவிடவில்லை, யன்னல் அதே நேரத்துக்குத்தான் கறுத்தது. ஆனால் கீழே போய்ச் சாப்பிட்டேன். கரைக்கு உங்களோடு நடந்தேன். வசந்தத்தில் எனக்கு அனுமதி வந்தது. அடுத்த மாதம் உங்களுக்கு. நான் விபோர்க்குக்கு வந்தேன், நீங்கள் டோஸ்ட்ருப்புக்குப் போனீர்கள். என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள், உங்கள் வீட்டாரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் உங்கள் முதற்கேள்வி, "எப்பிடி, கறுத்துப்போச்சே?" என்பதாகத்தான் இருந்தது.

ஐந்தாவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிஞ்சியதற்குள் கொட்டையை வைத்தால் கறுக்காது என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். நான் இரண்டு கோப்பைகளில் போட்டு, ஒன்றில் கொட்டையைப் புதைத்து, மற்றதன் முகத்தில் பாண் ரொட்டி சுற்றி வரும் பிளாஸ்டிக்கைக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்ட அழுத்தி, இரண்டையும் யன்னலின் இரட்டைக் கண்ணாடிகளுக்கு இடையில் குளிருக்கு வைத்தேன். காலையில் என் கோப்பை பச்சை. உங்களுடையது கறுப்பு, கொட்டைக்குக் கீழே மட்டும் ஒரு பச்சை வட்டம். காட்டினேன்.

"கொட்டைக்குக் கீழை பச்சைதானே? அப்ப நான் சொன்னது சரி."

காற்றுப் படாமல் மூடுவதுதான் முறை. பிளாஸ்டிக் இல்லாவிட்டால் முகத்தை மட்டப்படுத்தி, மேலே மெல்லியதாகத் தண்ணீர் விட்டுக் குளிரில் வைத்து, தின்னும்போது அதை வடித்துவிடலாம். எப்படி வைத்தாலும் மறுநாளைக்குள் முடித்துவிடவேண்டும். இது இப்போது என் கைப்பழக்கமாகிவிட்டது. கத்தியை எடுக்கும்போதெல்லாம் உங்களோடு வாதாடிக்கொண்டே செய்கிறேன்.

இனி, மண்டபத்தில் நடந்தது. எல்லோரும் பேசி முடித்து ஆட்கள் கலையத் தொடங்கியபோது உங்கள் மனைவி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். நாலாவதில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது ஆர் சொன்னது?"

"நான்தான், அக்கா. எனக்குத் தெரிஞ்சது."

"அவர் உங்களுக்குக் கடைசி மட்டும் சொல்லேல்லையே?"

"என்னத்தை?"

"நீங்கள் திரும்பிப் போகக் கேக்கப்போறன் எண்டு சொன்னதுக்கு முந்தின நாளே அவர் அந்தப் பொம்பிளையிட்டைப் போய்த் தன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டவர். அவ, யோசிச்சு வாங்கோ, இருக்கிறதெண்டால் எனக்குச் சொல்லுங்கோ எண்டு விட்டவவாம். அடுத்த நாள் உங்களுக்குச் சொல்லுவம் எண்டு கட்டிலிலை இருக்க, நீங்கள் அதையே சொல்லிப்போட்டியள்."

நான் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"'நானும் வாறன், சேர்ந்து போவம்' எண்டு சொல்லத்தான் வாயெடுத்தவராம். உங்கடை முகத்தைப் பாத்தால் சொல்ல ஏலாமல் போச்சாம். பிறகு வாயிலை வந்தது சமையல்தான்."

"எனக்கு ஏனக்கா சொல்லேல்லை?"

"சொன்னால் ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டியிருப்பியள் எண்டுவார். உங்களை மறிக்கிற சாட்டிலை தன்னை மறிச்சுப்போட்டாராம். 'காலமையும் பின்னேரமும் கரையிலை போய் நிண்டு அழுதிட்டு வருவன், மூக்குச் சிவந்ததைக் குளிர் எண்டு தம்பி நம்பிக்கொண்டிருந்தது' எண்டு சொல்லிச் சிரிப்பார்."

அக்கா தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். வைத்திருங்கோ என்றேன். வேண்டாம், பிழையைத் திருத்திப்போட்டுத் தாருங்கோ என்றார்.

அண்ணை, நான் அளவு பிடித்துப் பழகியவன். அந்த அறையில் இருந்த ஒவ்வொன்றையும் அளந்து வரைந்தேன். உங்கள் கட்டிலையும் வரைந்தேன். அதில் இருந்த ஆளை வரையத் தெரியவில்லை. இத்தனை வருடமும், மூச்சு முட்டும் நேரங்களில், நீங்கள் அடைபடாத மனிதர் என்ற எண்ணத்தைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். அது போய்விட்டது. அதன் இடத்தில் இப்போது இருப்பது, விடியுமுன் பால் பெட்டிக்குப் பக்கத்தில், முளைக்காத மண்ணைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மனிதர். முன்பு சுமந்ததைவிட இது பாரமானது. இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.

அக்காவுக்கு அனுப்புவதற்காகத் தாளைத் திருத்தியிருக்கிறேன். மற்ற நாலும் அப்படியே இருக்கின்றன. நாலாவது பிழை. அதை வெட்டிவிட்டு இப்படி எழுதினேன்:

4. அந்த அறையில் இரண்டு பேர் அடைபட்டுக் கிடந்தோம்.